அது என் கால் இல்லை

பந்தல்குடியில், தூத்துக்குடி சாலையோரம் டீக்கடை நடத்தும் பாண்டீஸ்வரனுக்கு வலது காலில் சுண்டுவிரல் இல்லை. முன்பெல்லாம் இது அவர் மனைவி முத்துப்பேச்சிக்கும் பழகிய சில லாரி ஓட்டுநர்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். போன பொங்கலிலிருந்து அந்தச் சாலையில் போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் செருப்பைக் கழற்றி, பாதத்தைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக் காட்டுகிறார்.

“எண்ணிப் பாருங்க. எனக்கு நாலு விரலு. படத்துல செருப்பக் கையில தூக்கிட்டு ஓடுறவனுக்கு அஞ்சு. அது என் காலு இல்ல.”

நாமக்கல் வண்டிக்காரர் ஒருவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: “விடுங்கண்ணே. எங்க டீக்கடை அண்ணன் படத்துல நடிச்சிருக்காருன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வரேன். நீங்க என்னடான்னா கால் இல்ல, கை இல்லங்கிறீங்க.”

“கை என்னுதுதான். கும்புட்டது நாந்தான். காலு மட்டும் இல்ல.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் சிரிக்கவில்லை. அந்தக் காலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

திருச்சுழி சாலையிலிருந்து பிரிந்து, சீமைக்கருவேலங்காட்டுக்குள் புகுந்து போனால் அவருடைய ஊர் வரும். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் அப்படி இல்லை என்று நிம்மதி அடைந்துவிடுவார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து காலனிக்குப் போக நேர்வழி மேலத்தெரு. நிலம் வைத்திருப்பவர்களின் தெரு அது. அந்தக் காலத்தில் காலனிக்காரர்கள் அந்த வழியாகப் போகலாம், ஆனால் தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மனமில்லாதவர்கள் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு போகலாம். இது எங்கும் எழுதி வைத்த விதி அல்ல. நாட்டுக்கு அரசியல் சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது, குழாய் வந்துவிட்டது, ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சிக் கொடிகளும் வந்துவிட்டன. சட்டம் மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

பாண்டீஸ்வரனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, டூரிங் டாக்கீஸில் ஒரு படம் பார்த்தார். பட்டணத்தில் படித்த கதாநாயகன் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்ஸ் காலோடு தெருவில் நடந்து வருவான். ஊரே ஒதுங்கி வழிவிடும். அந்தப் படத்தின் மிச்சக் கதை எதுவும் பாண்டீஸ்வரனுக்கு இன்று நினைவில் இல்லை. பூட்ஸ் மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த வாரம் அருப்புக்கோட்டைச் சந்தையில் ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கினார். பட்டப்பகலில், பஸ்ஸை விட்டு இறங்கி, மேலத்தெருவில் நடந்தார்.

தெருவின் பாதியில் அவரைப் பிடித்துவிட்டார்கள். செருப்புக் கிடந்த காலின் மேல் ஒரு கல் விழுந்தது. யார் போட்டது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஊரே அங்கேதான் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் செருப்பை அவர் தலையில் வைத்து, காலனி வரை நடக்கச் சொன்னார்கள். நடந்தார். அவர் வயதுக்காரனான வீரபாண்டி, பெரிய வீட்டு மகன், பின்னாலேயே விசிலடித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் பாண்டீஸ்வரனின் அப்பா, “ஏன்டா போட்டே?” என்று மகனைத்தான் அடித்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் அந்தத் தெருக்காரர்களின் பருத்திக் காட்டுக்குத்தான் அவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியதும் பாண்டீஸ்வரன் பந்தல்குடிக்கு வந்து ஒரு லாரியில் கிளீனராக ஏறினார். அந்த ஓட்டுநர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “டீ போடத் தெரியுமா?” என்பது. எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. அந்த ஆச்சரியம் பாண்டீஸ்வரனுக்கு இன்றுவரை தீரவில்லை. டவுன் ஒன்றும் சொர்க்கமில்லை. வாடகைக்கு வீடு கேட்டால் அங்கேயும் கேட்பார்கள், சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஆனால் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கூச்சமே ஒரு முன்னேற்றம்தான்.

அந்தக் காலத்துப் படங்களையெல்லாம் அவர் பார்த்தார். லாரி எந்த ஊரில் நின்றாலும் தியேட்டருக்குப் போவார். பட்டணம் என்றால் சாராயம், பொய், குட்டைப் பாவாடை. கிராமம் என்றால் பசுமாடு, கற்பு, ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். திமிர் பிடித்த பட்டணத்துப் பெண் கடைசி ரீலில் சேலை கட்டித் திருந்துவாள். வயலில் ஆட்கள் வேலை செய்வார்கள், பாடுவார்கள். அவர்கள் சாயங்காலம் எந்த வழியாக வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை எந்தப் படமும் காட்டியதில்லை. பிறகு அரிவாள் காலம் வந்தது. எங்கள் வெயிலையும் மீசையையும் வைத்து சினிமாக்காரர்கள் எடுத்த படங்களின் புண்ணியத்தில், வெளியூர் லாரிக்காரர்கள் டீயில் சீனி குறைந்தால்கூடச் சொல்லப் பயந்தார்கள். அண்மையில் காலனிகளைக் காட்டும் சில படங்களும் வந்தன. அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து பாண்டீஸ்வரன் சொன்னது, அவர் கடைப் பெஞ்சில் உட்காரும் எனக்கு மறக்காது.

“எங்க தெருவக் காட்டுனாக. சரியாத்தான் காட்டுனாக. ஆனா படம் முடியுறதுக்குள்ள நாங்க எல்லாரும் செத்துப்போனோம்.”

டீக்கடை வைத்து, கல்யாணம் முடித்து, மகள் ராஜேஸ்வரி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அவர் மறுபடியும் ஊருக்குப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கினார். காலில் செருப்பு இருந்தது. மேலத்தெருவில் நடந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. வீரபாண்டியின் அப்பா செத்துப்போயிருந்தார். வீரபாண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலைப் பார்த்தார், பிறகு பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். மனம் மாறியதால் நடந்த அதிசயமல்ல இது. காலனிப் பெண்கள் மில் வேனில் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், பையன்கள் திருப்பூர் போய்விட்டார்கள், காட்டு வேலைக்கு ஆளில்லை. மிரட்டிப் பயனில்லாதபோது மிரட்டுவதை நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து பாண்டீஸ்வரனுக்கு ஒரு பழக்கம். ஊரில் சடங்கு, சாவு, கோயில் கொடை எதுவென்றாலும் மேலத்தெரு வழியாகத்தான் போவார். பைக்கில் கூட்டிப்போக மருமகன் முறைப் பையன்கள் வந்தாலும், “நீ முன்னால போ, நான் நடந்து வாரேன்” என்பார். மெதுவாக, தெருவின் நடுவில், செருப்புச் சத்தம் கேட்க நடப்பார். சாமி, தேர் எதிலும் நம்பிக்கை இல்லாத மனிதர். அவர் வருடாவருடம் நடத்திய ஒரே ஊர்வலம் இதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதத்தில், கடை வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. சினிமாக்காரர்கள். உதவி இயக்குநராக இருந்த ஜோதிகா என்ற இளம்பெண் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் பாண்டீஸ்வரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் பிறந்து வளர்ந்தவள்.

“ஐயா, நீங்க நடிச்சிருக்கீங்களா?”

முத்துப்பேச்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “தெனமும் நடிக்காரு தாயி. பால் தீந்துபோச்சுன்னு சொன்னா காது கேக்காத மாதிரி.”

ஜோதிகா சிரித்துவிட்டுக் கதையைச் சொன்னாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய சம்பளம் வாங்கும் கதாநாயகன், பட்டணத்து வாழ்க்கை வெறுத்துப்போய், மண்ணை நம்பிச் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். தெருமுனையில் காரை விட்டு இறங்குகிறான். அவர்கள் வீட்டில் காலமெல்லாம் பண்ணை வேலை பார்த்த கிழவர் அவனைக் கண்டதும் ஓடி வருகிறார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, ‘சின்னய்யா வந்துட்டீகளா’ என்கிறார். அவன் கிழவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான்.

“ரொம்ப எமோஷனல் சீன் ஐயா.”

“எங்க எடுக்கிறீக?”

அவள் சொன்ன ஊர் அவருடைய ஊர். தெரு, மேலத்தெரு. வீடு, வீரபாண்டியின் வீடு.

பாண்டீஸ்வரன் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார். “பாப்பா, அவரு எதுக்குச் செருப்பக் கழட்டணும்?”

“பாசம் ஐயா. மரியாதை.”

“பாசத்துல வேட்டி கழண்டாக்கூடத் தெரியாம ஓடுவான். செருப்ப ஞாபகமாக் கழட்டிக் கையில எடுப்பானா?”

அவர் அவளிடம் காலைக் காட்டவில்லை, கதையையும் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். “நடிக்கேன். ஆனா செருப்புப் போட்டுத்தான் நடப்பேன். அந்தத் தெருவுல.”

அவள் போனில் இயக்குநரிடம் கேட்டாள். உடனே பதில் வந்தது. “சரியாம் ஐயா. சார் ஓகே சொல்லிட்டார்.”

அன்று மாலை ராஜேஸ்வரி சென்னையிலிருந்து பேசினாள். தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை அவளுக்கு.

“அப்பா, சின்னய்யான்னு சொல்லப்போறீங்களா? நீங்களா?”

“சொன்னா என்னம்மா? வாய் பேசுறது நடிப்பு. நாளைக்கு ராசா வேசம் குடுத்தா நான் ராசாவா? காலு அப்படியில்ல. காலு நடக்கிறது நெசமா நடக்கிறது. அந்தத் தெருவுல, அவுக வீட்டு வாசல்ல, செருப்போட நான் நடக்கிறத ஊரு உலகமெல்லாம் பாக்கும்ல. அழியாமக் கெடக்கும்ல.”

“அவங்க உங்க மூஞ்சியத்தான் பாக்குறாங்கப்பா.”

“நீ சும்மா இரு.”

அவர் நம்பியது அதைத்தான். ஒரு முறை நடந்ததற்கு விரல் போனது. பிறகு நடந்த நடையெல்லாம் பேப்பருக்குப் பின்னால் மறைந்த ஒரு முகத்தோடு முடிந்துபோனது. இந்த நடை படத்தில் நிற்கும். அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புதுச்செருப்பு வாங்கிவந்தார்.

படப்பிடிப்பு நாளில் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தெருவில் பஞ்சாயத்து போட்டிருந்த சிமெண்டுக் கல் தளம் இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து தெரு முழுக்கக் கொட்டிப் பரப்பினார்கள். சுற்றிலும் கரிசல் காடு, எங்கிருந்தோ செம்மண். டிஷ் ஆன்டெனாக்களை இறக்கினார்கள். ஏசி பெட்டியின் மேல் வைக்கோலைப் போட்டு மூடினார்கள். நைட்டி போட்ட பெண்களை வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். கிராமத்தில் கிராமம் போதவில்லை.

இந்த வேலைகளுக்கெல்லாம் முன்னால் நின்றவன் வீரபாண்டியின் மகன் மதன்குமார். அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறான், பிள்ளைகள் அங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். குமாரலிங்கபுரம் பக்கம் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சை நம்பி பிளாட் வியாபாரம் செய்கிறான். அவன் தாத்தா பருத்தி விதைத்த காடு கருவேலம் மண்டி, விறகைக் கரியாக்கும் மூட்டத்துக்குக் குத்தகை போயிருக்கிறது. மண்ணுக்குத் திரும்பும் கதாநாயகனுக்குத் தன் வீட்டைக் கொடுத்துவிட்டு, அவன் சாயங்காலம் டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

முதல் ஷாட்டுக்கு முன் கேமராவுக்குச் சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். வெளிநாட்டு விஞ்ஞானி யாரோ ராப்பகலாக உழைத்துச் செய்த கண்ணாடிக்குக் கண் பட்டுவிடுமாம். பாண்டீஸ்வரன் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார்.

வீரபாண்டி குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். பாண்டீஸ்வரன் தன் இடத்துக்குப் போகும்போது அவரைக் கடக்க வேண்டியிருந்தது.

“என்ன பாண்டி, சினிமாக்காரன் ஆயிட்ட.”

“ஆமாங்க.” வீரபாண்டியை அவர் எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. பழைய சொல் வாயில் வராது. புதிய சொல் எதையும் ஊர் கண்டுபிடிக்கவில்லை.

“செருப்பு புதுசோ?”

“புதுசுதாங்க.”

“கடிக்கும்,” என்றார் வீரபாண்டி, தெருவைப் பார்த்துக்கொண்டு.

பிறகு பாண்டீஸ்வரன் நடந்தார். ஓடத்தான் சொன்னார்கள், அவர் வேகமாக நடந்தார். செம்மண்ணில் செருப்புத் தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. கதாநாயகன் கையை விரித்து நின்றான். “சின்னய்யா வந்துட்டீகளா” என்று கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் உண்மையாகவே வந்தது. இயக்குநர் ஓடிவந்து, “சூப்பர் ஐயா, பிரமாதம்” என்று அவர் தோளைத் தட்டினார். அந்தக் கண்ணீர் எதற்கு வந்தது என்று அங்கே கூடியிருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் குடையைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் பாண்டீஸ்வரன் முத்துப்பேச்சிக்குப் போனில் சொல்லிக்கொண்டே வந்தார். “ஊரே பாத்துச்சு பிள்ள. அவுக கொடை பிடிச்சு நின்னு பாத்தாக.”

படம் போன பொங்கலுக்கு வந்தது. அருப்புக்கோட்டையில் மதியக் காட்சிக்குக் காலனியே வேன் பிடித்துப் போனது. ராஜேஸ்வரி லீவு போட்டு வந்திருந்தாள். பாண்டீஸ்வரனை நடுவில் உட்காரவைத்தார்கள். அவர் முகம் திரையில் வந்ததும் காலனிப் பையன்கள் சீட்டின் மேல் ஏறி விசிலடித்தார்கள். அவ்வளவு பெரிய முகம், ஒவ்வொரு சுருக்கமும் ஓடைக்கரை மாதிரி.

அடுத்த கணம் திரை முழுக்க இரண்டு வெறுங்கால்கள்.

செம்மண்ணில் அந்தக் கால்கள் ஓடின. பக்கத்தில் தொங்கிய கையில் ஒரு ஜோடி செருப்பு ஆடியது. மெதுவாக, மிக மெதுவாக ஓடின, வயலின் அழுதது. பிறகு மறுபடியும் பாண்டீஸ்வரனின் முகம், கண்ணீர், கும்பிட்ட கை. கதாநாயகன் கட்டிப்பிடித்தான். தியேட்டரில் எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அதே காட்சிக்கு வந்திருந்த மேலத்தெருப் பையன்கள் கைதட்டினார்கள்.

“ஏங்க, இது யாரு காலு?” முத்துப்பேச்சி சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

“உஷ்,” என்றார்கள் முன்வரிசையில்.

பாண்டீஸ்வரன் இருட்டில் குனிந்து தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இதை ராஜேஸ்வரி என்னிடம் சொன்னாள்.

வெளியே வந்ததும் காலனிப் பையன் ஒருவன், அவருடைய அக்கா பேரன், கேட்டான்: “தாத்தா, இதுக்கு எதுக்கு ஒத்துக்கிட்டீக?”

“நான் ஒத்துக்கிடல. அது என் காலு இல்ல.”

“மூஞ்சி ஒங்க மூஞ்சிதான?”

அங்கே தொடங்கியது இந்தப் பேச்சு. இன்னும் முடியவில்லை.

மதன்குமார் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி, ‘இதுதான் எங்க ஊர் பாசம்’ என்று எழுதிப் போனில் போட்டான். அது ஊர் ஊராகச் சுற்றியது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் கண்ணீர்ப் பொம்மைகளை அனுப்பினார்கள். ராஜேஸ்வரி பதிலுக்கு அப்பாவின் பாதத்தைப் படமெடுத்துப் போட்டு, நடந்ததை எழுதினாள். அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் நான் படித்தேன். ‘எல்லாத்திலும் சாதியைப் பார்க்காதீர்கள்’ என்று எழுதியவர்கள்தான் அதிகம். ‘அழகான படத்தைக் கெடுக்காதீர்கள்’ என்றார் ஒருவர். வெளிநாட்டில் குளிரில் உட்கார்ந்துகொண்டு கிராமத்துக்கு ஏங்குகிற இந்த மனிதர்கள், எந்தக் கிராமத்துக்கு ஏங்குகிறார்கள்? யார் எந்த வழியாக நடப்பது என்று அவர்கள் முடிவு செய்த கிராமத்துக்கு. ஏங்கமாட்டார்களா பின்னே? விரல் போனவன் ஏங்குவானா?

வைகாசியில் ஊரில் ஒரு சடங்கு. பாண்டீஸ்வரன் வழக்கம்போலப் பஸ்ஸை விட்டு இறங்கி, மேலத்தெருவில் நடந்தார். சிமெண்டுக் கல்லின் இடுக்கில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது. பைக்கில் சாய்ந்து நின்ற பையன்கள் ஓடிவந்தார்கள். கெட்ட பையன்கள் இல்லை. அன்று அவர் காலில் விழுந்த கல்லைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது, யாரும் சொல்லித்தந்ததில்லை.

“பெருசு, ஒரு செல்பி.”

“எடுங்கப்பா.”

“அப்படியில்ல, செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கோங்க. படத்துல மாதிரி.”

“படத்துல இருக்கிறது நான் இல்லப்பா. எண்ணிப் பாருங்க...” அவர் காலைத் தூக்கப்போனார்.

வாசலில் நாற்காலியில் இருந்த வீரபாண்டி இப்போது பேப்பரைத் தூக்கவில்லை. சிரித்தார்.

“கழட்டேன் பாண்டி, பிள்ளைக கேக்குறாங்கள்ல. இத அன்னைக்கே கழட்டியிருந்தா விரலு மிஞ்சியிருக்கும்.”

பையன்களுக்கு எதுவும் புரியவில்லை; பெரியவர் சிரித்ததால் அவர்களும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் செருப்பைக் கழற்றவில்லை. நடந்துவிட்டார். அன்று திரும்பும்போது கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து பஸ் ஏறினார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வழிதான். எத்தனையோ வருடமாக அந்தத் தெருவில் அவர் கேட்கவைத்த செருப்புச் சத்தத்தை, இரண்டு கணம் வந்துபோன ஒரு காட்சி தின்றுவிட்டது. அவர் அங்கே நடந்தால் இனி யாரும் அவர் நடப்பதைப் பார்க்கமாட்டார்கள். அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

சில வாரங்களுக்கு முன் ஜோதிகா மறுபடியும் கடைக்கு வந்தாள். வேறொரு படத்துக்கு இடம் பார்க்கத் தூத்துக்குடிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நான் அன்று பெஞ்சில் இருந்தேன். காரை விட்டு இறங்கியவள் கடைக்குள் வராமல் வெயிலிலேயே நின்றாள்.

“வா தாயி,” என்றாள் முத்துப்பேச்சி. “வெயில்ல நின்னு கறுக்காத. அப்புறம் ஒன்னையும் கிராமத்துப் படத்துல போட்டுருவாங்க.”

அவள் வந்து உட்கார்ந்தாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஐயா, நான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கணும். தைரியம் வரல,” என்றாள்.

“அந்தக் காலு யாருது பாப்பா?”

அவள் சொன்னாள். படத்தைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த இடத்தில் உணர்ச்சி போதவில்லை என்று இயக்குநருக்குத் தோன்றியிருக்கிறது. சென்னைக்கு வெளியே ஒரு காலி மனையில் மண்ணைக் கொட்டி, பக்கத்துக் கட்டடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, கால்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

“அவருக்கு எந்த ஊரு?”

“தெரியலைங்க ஐயா. வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர்.”

“எதுக்கு ஓடுறோம்னு அவருகிட்டச் சொன்னீகளா?”

“இல்ல. ஓடச் சொன்னோம். ஓடினார்.”

ஒரு லாரி வந்து நின்றது. பாண்டீஸ்வரன் இரண்டு டீ ஆற்றிக் கொடுத்தார். பிறகு கையைத் துடைக்காமலே வந்து எதிரில் நின்றார்.

“சரி, போகட்டும். நான் நடந்தத எடுத்தீகள்ல, செருப்புப் போட்டு. படத்துல வராட்டி என்ன. அது எங்கயாவது இருக்கும்ல? அதக் குடு. எம்மக அதப் போன்ல போடட்டும்.”

ஜோதிகா தன் போனை எடுத்தாள். அன்றைக்குப் படப்பிடிப்பு மானிட்டரில் ஓடியதை அவள் போனில் பிடித்து வைத்திருந்தாள். விரலால் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தெரு. வீரபாண்டி வீட்டு வாசல். பாண்டீஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தி வேகமாக வருகிறார். தோள் ஏறி இறங்குகிறது. முகம் கிட்ட வருகிறது, கண் நிறைகிறது.

“இதுக்குக் கீழ?” என்றார்.

“கீழ இல்லைங்க ஐயா. அவ்வளவுதான் எடுத்தது. இடுப்புக்கு மேல.”

“செருப்புப் போட்டிருந்தேனே.”

“போட்டிருந்தீங்க. நான் பாத்தேன்.”

“பெறகு சரின்னு சொன்னாரே அவரு? நான் கேட்ட ஒடனே சரின்னு சொன்னாரே?”

ஜோதிகா டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆமாங்க ஐயா. கால் பிரேம்ல வராது, என்ன வேணாப் போட்டுக்கட்டும்னு சொன்னார். அத நான் உங்ககிட்ட சொல்லல.”

பாண்டீஸ்வரன் மறுபடியும் அந்தத் துண்டை ஓட்டினார். தான் நடந்து வருவதைக் கண் எடுக்காமல் பார்த்தார். இடுப்புக்கிட்டே படம் முடிகிற விளிம்பில் ஈர விரலை வைத்து, இன்னும் கீழே இருப்பதைப் பார்க்க நாமெல்லாம் போனில் செய்கிற மாதிரி, மேல்நோக்கித் தள்ளினார். படம் தாவி, யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் வந்தது. திரும்பக் கொண்டுவந்தார். மறுபடி தள்ளினார்.

“விடுங்க,” என்றாள் முத்துப்பேச்சி மெதுவாக. “அந்தப் பிள்ள போனு நனையுது.”